ஒடுங்கிய ஹோலை அழகுபடுத்துவது எப்படி?

முன்வாசலில் நின்று பார்த்தால் குசினிக் கதவு வரை ஒரே நேராகத் தெரியும் ஹோல். இரண்டு பக்கச் சுவர்களையும் ஒட்டிச் சோபாக்கள், அவற்றுக்கு அப்பால் கதிரைகள், நடுவே கண்ணாடி போட்ட ஒரு டீப்போ. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் மூன்றாமவர் நடந்து போக வழியில்லை. முகட்டின் நடுவில் ஒரே ஒரு ஃபேன், ஒரே ஒரு டியூப் லைட். அன்பின் வாசகர்களே, உங்கள் வீட்டு ஹோலும் இந்த மாதிரிதானா? அப்படியானால் புதிய சோபா செட் ஒன்றுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர் இக்கட்டுரையை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

அரபு மத்ரஸாவில் பாடம் நடத்தும் ஒருவருக்கும் ஹோல் அலங்காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் மௌலவிமார் அளவுக்குப் பிறர் வீட்டு ஹோல்களில் உட்கார்ந்து எழும்பியவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? நிகாஹ், வீடு குடிபுகுதல், பிள்ளைக்குப் பெயர் வைத்தல், ஜனாஸா என்று இருபது வருடங்களாக எத்தனையோ ஹோல்களில் இருந்திருக்கிறேன். எந்த ஹோலில் மனிதர்கள் இலகுவாக நடமாடுகிறார்கள், எந்த ஹோலில் வீட்டுக்காரர்களே அந்நியரைப் போல ஒதுங்கி நிற்கிறார்கள் என்பது பார்த்துப் பார்த்துப் பழகிய விடயம்.

நமது வீடுகள் ஏன் இப்படி நீண்டு ஒடுங்கிப் போகின்றன? கிழக்கு மாகாணத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். உம்மாவின் வளவை மூன்று மகள்மாருக்குப் பிரிக்கும்போது மூவருக்கும் வீதிமுகம் வேண்டும். ஆகவே வளவு நீளப்பாட்டில் கிழிபடுகிறது. அடுத்த தலைமுறையில் அந்தத் துண்டும் மறுபடி நீளப்பாட்டில் கிழிபடுகிறது. கொழும்பில் மருதானை, கொம்பனித்தெரு, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் காணிவிலை அதே வேலையைச் செய்திருக்கிறது. ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடியும் கொஞ்சமும்தான். இரண்டு, மூன்று பேர்ச்சஸில் வீடு கட்டுகிறவர் அகலத்துக்கு எங்கே போவார்?

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் ஹோல் பத்தடி அகலம், இருபத்தெட்டு அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சோபா ஒன்றின் ஆழம் ஏறக்குறைய மூன்றடி. இரண்டு சுவரோரமும் சோபா போட்டால் ஆறடி போய்விட்டது. மீதி நாலடி. அதன் நடுவில் இரண்டடி அகலமான டீப்போவை வைத்தால் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி மிஞ்சும். ஒரு மனிதர் தடையின்றி நடந்து போக இரண்டரை முதல் மூன்றடி வேண்டும். அப்படியானால் அந்த ஹோலில் பாதையே இல்லை என்பதுதான் கணக்கின் விடை.

பாதை இல்லாவிட்டால் யாருக்கு நட்டம்? வந்தவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் குறையில்லை. வீட்டுப் பெண்கள்தான் பின்பக்கத்தில் அடைபட்டுப் போகிறார்கள். படுக்கையறைக் கதவுகள் ஹோலுக்குள் திறக்கின்றன. குசினி கடைசியில் இருக்கிறது. முன்னால் இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும் வரை மகள் அறையிலிருந்து வெளியே வரமுடியாது, உம்மா குசினியிலிருந்து அறைக்குப் போகமுடியாது, மூத்தம்மா வுழூச் செய்யப் போகமுடியாது. வாப்பாவின் கூட்டாளி ஒருவர் அஸருக்கு வந்து இஷாவுக்குத்தான் எழும்புகிறார் என்றால் அவ்வளவு நேரமும் இதே கதிதான். இதனைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பழகிவிட்டார்கள். ஆகவே ஹோலை அலங்கரிப்பது பற்றி யார் கேட்டாலும், பெயின்ட்டையும் திரைச்சீலையையும் பேசுவதற்கு முன்னர், குசினியிலிருந்து வாசல்வரை மூன்றடிப் பாதை எங்கே என்று நான் கேட்பேன்.

வழி என்னவென்றால், சோபாவைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துக் குறுக்கே திருப்பிப் போடுவது. கேட்டவுடன் பலர் முகம் சுளிப்பார்கள். “இருக்கிற இடமும் போய்விடாதா?” என்பார்கள். மறுபடியும் கணக்கைப் பாருங்கள். அகலம் பத்தடி. படுக்கையறைக் கதவுகள் இருக்கும் பக்கமாக மூன்றடியைப் பாதைக்கு ஒதுக்குங்கள். மீதி ஏழடி. ஏழடிக்குள் மூன்று பேர் உட்காரும் சோபா குறுக்கே அடங்கும். முன்சுவரிலிருந்து பத்தரை, பதினொரு அடி தள்ளி அதைப் போட்டு, முதுகை வீட்டின் உள்பக்கத்துக்கும் முகத்தை வீதிப்பக்கத்துக்கும் திருப்பிவிடுங்கள். அதற்கு எதிரே முன் ஜன்னலோரம் இரண்டு பிரம்புக் கதிரைகள், நடுவில் சிறிய டீப்போ. விருந்தினருக்குரிய இடம் அவ்வளவுதான். ஐந்து பேர் முகம் பார்த்துப் பேசலாம்.

இதில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது. வந்தவர் சோபாவில் உட்கார்ந்தால் அவருடைய பார்வை வாசலை நோக்கி இருக்கும், வீட்டின் உள்பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பெண்கள் அறைக்கும் குசினிக்கும் தாராளமாக நடமாடலாம். வீட்டுக்காரர் எதிரே பிரம்புக் கதிரையில் இருப்பதால் உள்ளே நடப்பது அவருக்கு மட்டும் தெரியும். தேநீர் தயார் என்று சின்ன மகன் பின்னாலிருந்து கைகாட்டுவதையும் அவர் காண்பார்! சோபாவின் முதுகோடு ஒட்டி மூன்றரை, நாலடி உயரத்தில் ஒரு புத்தகத் தட்டு வைத்தால் மறைப்பும் ஆயிற்று, கிதாபுகளுக்கு இடமும் ஆயிற்று. அதற்கு மேலும் மறைப்பு வேண்டுமென்றால் ஓடாவியிடம் சொல்லி மரக்கிராதி ஒன்று செய்து நிறுத்தலாம். ஆனால் முகடு வரை பலகை அடித்து மூடிவிடாதீர்கள். நீண்ட வீட்டில் காற்று முன்வாசலால் வந்து பின்வாசலால் போகும். அதை நடுவில் மறித்தால் பின்பாதி சூளையாகிவிடும். கிராதியின் துவாரங்களாலும் அதன் தலைக்கு மேலாலும் காற்றுப் போகட்டும்.

வாசல்கதவு முன்சுவரின் நட்டநடுவில் இருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே பாதை நடுவில் தொடங்கிப் பிரம்புக் கதிரைகளைத் தாண்டியதும் ஒரு பக்கமாகத் திரும்பட்டும், பரவாயில்லை. ஹோலின் அகலம் ஒன்பது அடிக்கும் குறைவென்றால் பெரிய சோபாவை மறந்துவிடுங்கள். இரண்டு பேர் உட்காரும் சோபாவைக் குறுக்கே போட்டு, பாதை இல்லாத பக்கச் சுவரோரம் ஒன்றரை அடி ஆழத்தில் மெத்தை போட்ட ஒரு வாங்கு செய்துகொள்ளலாம். அந்தக் காலத்து விறாந்தை வாங்கில் எத்தனை பேர் இருந்து கதைத்தார்கள்!

சோபாவுக்குப் பின்னால் என்ன செய்வது? ஹோலின் நடுப்பகுதி ஏழெட்டு அடி நீளத்துக்குக் கிடைக்கும். இதில் எதையும் நிரப்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சுவரோரம் பிள்ளைகள் படிக்க ஒடுங்கிய மேசை ஒன்றும் இரண்டு ஸ்டூலும் போதும். மீதித் தரை வெறுமையாகக் கிடக்கட்டும். தொழுவதற்கு அது உதவும். நமது நாட்டில் கிப்லா நேர் மேற்கு அல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 25 பாகை சரிந்தது. ஒருவர் தொழ இரண்டடி அகலமும் நாலடி நீளமும் போதுமென்றாலும், மேற்கு நோக்கிய சுவருள்ள வீட்டில் முஸல்லாவைச் சரித்து விரிக்கும்போது நாலரை அடிக்கு மூன்றரை அடி தேவைப்படும். அந்த இடத்தில் டீப்போவின் கால் வந்து நின்றால் ஸஜ்தாவில் தலை இடிக்கும். சிலர் அழகு கெடுகிறது என்று முஸல்லாவைச் சுவருக்கு நேராக விரித்துவிட்டு உடம்பை மட்டும் திருப்பிக்கொள்கிறார்கள். முஸல்லா கோணலாகக் கிடந்தால் என்ன குறை?

கடைசிப் பத்தடி சாப்பாட்டு மேசைக்கு. நீள்சதுர மேசையின் நீளம் வீட்டின் நீளத்தோடு போகட்டும், ஒரு பக்கத்துக்குக் கதிரைகளுக்குப் பதிலாக மேசைக்கடியில் தள்ளிவிடக்கூடிய வாங்கு போட்டால் பாதை பறிபோகாது. ஹோலின் முன்பக்கத்தில் நிற்கும் கண்ணாடி அலுமாரியையும் இங்கே கொண்டுவந்துவிடலாம். அதற்குள் இருக்கும் தேநீர்க் கோப்பைகளையும் ஸஹன்களையும் இங்கேதான் பாவிக்கப் போகிறோம். ஒன்றரை அடி ஆழமான அலுமாரியை முன்னால் நிறுத்தி, பிளாஸ்டிக் பூக்களையும் விளையாட்டுப் போட்டிக் கேடயங்களையும் அடுக்கிவைப்பதற்கு அந்த இடம் மிகவும் பெறுமதியானது.

இந்தக் கட்டத்தில் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் முன்னால் மட்டும். கட்டடக் கலைஞர்கள் வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்குப்படி, ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதன் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரத்துக்குத்தான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். ஏழடி உயரமென்றால் பதினான்கு முதல் பதினேழு அடி. இருபத்தெட்டு அடி ஹோலில் பிற்பாதி பகலிலும் மங்கலாகவே இருக்கும். அங்கேதான் நாம் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், பெண்கள் தையல் வேலை செய்கிறார்கள். பகல் முழுவதும் மின்குமிழ் எரிகிறது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியபோது இப்படியான வீடுகளுக்கு வந்த பில்லை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முன்னையவர்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள். காலிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். 1640இல் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. நமது சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடமும்கூட. வீதியில் நின்று பார்த்தால் ஒடுங்கிய முகப்பு. உள்ளே போனால் வீடு நீண்டுகொண்டே போகும். ஆனால் இடையில் வானம் தெரியும் ஒரு முற்றம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாக இறங்கும். பிற்காலத்தில் ஓர் அறை கிடைக்கிறது என்று பல ஊர்களிலும் இம்மாதிரி முற்றங்களுக்கு மேலே கொங்கிறீட் போட்டு மூடிவிட்டார்கள். ஓர் அறை கிடைத்தது, மூன்று அறைகள் இருட்டாயின.

இதே மருந்தைப் புதிய காலத்தில் அழகாகப் பாவித்தவர் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. தகப்பன் வழியில் சோனக பரம்பரையும் கலந்தவர். 2003இல் காலமானார். கொழும்பு பகதல வீதி 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளில் ஒன்றில் 1958இல் குடிபுகுந்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். அதற்குள் ஒரு நீண்ட வெள்ளை நடை இருக்கிறது. ஒடுங்கியதுதான், ஆனால் வழியிலே சிறு சிறு முற்றங்களிலிருந்து வெளிச்சம் விழுவதால் நீளம் கண்ணை உறுத்தாது. முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொண்டு போய்ப் பார்க்கலாம். அங்குள்ள ஓவியங்களும் சிலைகளும் நமக்குத் தேவையில்லை, வெளிச்சம் வரும் வழியைப் பார்த்தால் போதும்.

நம்மால் பெரிய முற்றம் திறக்க முடியாது, உண்மைதான். ஓட்டுக் கூரையென்றால் நடுப்பகுதிக்கு மேலே நாலைந்து கண்ணாடி ஓடுகள் போடலாம். தகரக் கூரையென்றால் ஒளி ஊடுருவும் தகடு ஒன்று. முகட்டுத் தட்டு அடித்த வீட்டில் அந்த இடத்துக்கு நேரே தட்டையும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் எலிக்குத்தான். உச்சி வெயில் நேரே சோபாவில் விழாதவாறு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மாடி வீட்டுக்காரருக்கு இது சரிவராது. அவர்கள் பின்பக்கக் குசினிக் கதவின் மேலே கண்ணாடிச் சட்டம் போட்டாவது பின் வெளிச்சத்தை எடுக்கப் பார்க்க வேண்டும்.

இரவுக்கு நடுவில் ஒற்றை டியூப் லைட் வேண்டாம். அது நீண்ட ஹோலைப் பஸ் நிலையமாக்கிவிடும். முன்னால் ஒன்று, படிக்கும் மேசைக்கு மேலே ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு மேலே தாழ இறங்கிய ஒன்று என்று தனித்தனி ஆளியோடு போட்டுக்கொண்டால் இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம். ஃபேனும் அப்படியே. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு வேண்டும். நடுவில் தொங்கும் ஒரு ஃபேனின் காற்று இரண்டு அந்தத்துக்கும் எட்டாது.

நிறத்தில் பெரிய இரகசியம் எதுவும் கிடையாது. நீண்ட சுவர்கள் இரண்டுக்கும் வெளிறிய ஒரே நிறம் அடியுங்கள். கடைசியில் தெரியும் குறுக்குச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் அடர்ந்த நிறம், மண் நிறமோ ஆழ்ந்த பச்சையோ. அடர்ந்த நிறம் கண்ணுக்கு அருகில் வந்தது போலத் தோன்றும், நீளம் குறைந்ததாகத் தெரியும். தரைக்கு டைல்ஸ் போடுகிறவர்கள் நீண்ட டைல்ஸ் எடுத்தால் குறுக்குப்பாட்டில் பதிக்கச் சொல்லுங்கள். மேசன் நீளப்பாட்டில் பதிக்கவே விரும்புவார், வெட்டுக் குறைவு என்பதால். பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கிறவர்கள் அதை உடைக்க வேண்டாம். வெடிப்பைத் திருத்திப் பொலிஷ் போட்டால் எந்த டைல்ஸும் அதற்குக் கிட்ட வராது. குறுக்குக் கோடுகளுள்ள பன்பாய் ஒன்றை விரித்தால் போதும், கம்பளம் தேவையில்லை. கம்பளம் நமது வெப்பத்துக்கும் தூசிக்கும் பொருந்தாது, பாயைத் தட்டி வெயிலில் போடலாம்.

திரைச்சீலைக்கு மருதமுனைக் கைத்தறித் துணியைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னல் அளவுக்கு மட்டும் தைக்காமல், முகட்டுக்குக் கிட்டக் கம்பி கட்டி, முன்சுவரின் அகலம் முழுவதும் தொங்கவிட்டால் ஒடுங்கிய சுவர் அகன்று தெரியும். கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீண்ட சுவரில் மாட்டினால் அகலம் கூடும், குறுக்குச் சுவரில் மாட்டினால் ஏற்கனவே நீண்ட ஹோல் இரண்டு மடங்கு நீளும். எங்கே மாட்டினாலும் விருந்தினர் இருக்கையில் ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து, அதற்குள் என்ன தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள். சோபாவைத் திருப்பிப் போட்டு மறைத்ததையெல்லாம் ஒரு கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். தொழும் இடத்துக்கு முன்னாலும் அது வேண்டாம். ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டம் கடைசிக் குறுக்குச் சுவரில் தனியாக இருக்கட்டும். மணிக்கூடு, கலண்டர், பட்டமளிப்புப் படம் என்று ஆறேழு சட்டங்களை நீண்ட சுவரில் வரிசையாக மாட்டினால் கண் ரயில் பெட்டியை எண்ணுவது போல ஓடும்.

தளபாடங்களின் பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாரி காலத்தில் ஜனாஸா வீடொன்றுக்குப் போயிருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். உள்ளறையில் மையித்து. ஹோலின் இரண்டு பக்கமும் பலகை போலப் பாரமான சோபாக்கள். சந்தூக்கை உள்ளே கொண்டுவந்து திருப்ப இடமில்லை. இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்தும் பெரிய சோபா வாசலால் வெளியே போகவில்லை. பிறகுதான் விளங்கியது, வீடு கட்டும்போது கதவுநிலை வைப்பதற்கு முன்னரே அதை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். கடைசியில் கால்களைக் கழற்றிச் செங்குத்தாக நிமிர்த்திப் பின்பக்கத்துக்குத் தள்ளினார்கள். அதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. அந்த அரைமணி நேரமும் மகள்மார் கதவோரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நமது ஹோல் ஒருநாள் நிகாஹ் சபையாகும், ஒருநாள் ஜனாஸா வீடாகும். இரண்டு பேர் தூக்கிவைக்கக்கூடிய பிரம்பு, மெல்லிய பலாமரச் சட்டம் போன்றவற்றையே வாங்குங்கள். தரை வெறுமையானால் பத்தடி ஹோலில் பாதை விட்டு ஒரே வரிசையாக நாலு ஸஹன் வைக்கலாம். ஸஹனுக்கு ஆறு பேர்படி இருபத்து நாலு பேர், பரிமாறுகிறவர் ஒருவரையும் மிதிக்காமல் போய்வரலாம். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் சக்கரக் கதிரையும் அதே மூன்றடிப் பாதையில் உருளும். வீதியில் கிடக்கும் முள்ளை அகற்றுவது பற்றி நாம் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். இரவில் தஹஜ்ஜுத்துக்கு எழும்பும் மூத்தம்மாவின் கால் இடிபடும் டீப்போவும் அந்த வகையில்தான் சேரும்.

ஆகவே வாசகர்களே, கடைக்குப் போக முன்னர் ஒரு விடுமுறை நாளில் ஹோலைக் காலி செய்யுங்கள். பழைய பத்திரிகைத் தாள்களைச் சோபா அளவுக்கு, மேசை அளவுக்கு ஒட்டித் தரையில் விரியுங்கள். வாசல்கதவின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, கையில் தேநீர்த் தட்டத்தோடு குசினியிலிருந்து அறைக்கும் அறையிலிருந்து வாசலுக்கும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தாள் மிதிபடும் இடத்தில் தாளை நகர்த்துங்கள். எங்கே எதை வைப்பது என்பதில் அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.